ஒரே லென்ஸில் ஒரு மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சென்னைத் தெருக்களில் படம் எடுக்கக் கிளம்பும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம், ஒரு மாதம் ஒரே லென்ஸோடு இருந்து பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். சொன்னவுடன் கேள்விகள் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில், கணக்குகள் எல்லாம் 36க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கானவை; சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் பரப்பு.

ஒரே லென்ஸ் சவால் என்றால் என்ன? அதற்கு விதிமுறை ஏதாவது இருக்கிறதா?

ஒரு குவியத் தூரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, குறித்த காலம்வரை எல்லாப் படங்களையும் அதிலேயே எடுப்பதுதான் சவால். குவியத் தூரம் என்பது லென்ஸின் மீது 35, 50 என்று மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண். எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். பெரியதாக இருந்தால் குறுகி, தொலைவில் இருப்பது அருகில் வரும்.

எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. நான் கேட்டுக்கொள்வது இரண்டு மட்டுமே. ஒரு மாதத்துக்குக் குறையாமல் செய்யுங்கள். வெளியே போகும்போது மற்ற லென்ஸ்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பையில் இருந்தால் கை அதைத் தேடிப் போகும்.

என்னிடம் நல்ல ஜூம் லென்ஸ் இருக்கிறது. அகலம், குறுகல் எல்லாமே அதில் கிடைக்கும்போது எதற்காக என்னை நானே கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும்?

ஜூம் லென்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தித்தாள் புகைப்படக்காரர்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் அது ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிடுகிறது. ஒரு காட்சி கண்ணில் பட்டதும் நின்ற இடத்திலேயே நின்று, வளையத்தைத் திருப்பி, காட்சியைச் சட்டகத்துக்குள் அடைத்துவிடுகிறோம். எங்கே நிற்பது என்ற கேள்வி எழுவதே இல்லை. ஒரு புகைப்படத்தில் மிகப் பெரிய முடிவு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

லென்ஸ் மாறாமல் இருந்தால், மாற்றக்கூடியது நீங்கள் நிற்கும் இடம் மட்டும்தான். அதனால் நகர்கிறீர்கள், குனிகிறீர்கள், இரண்டு அடி இடப்பக்கம் போகிறீர்கள். சில வாரங்களில், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே சட்டகத்தின் ஓரம் எங்கே விழும் என்று தெரிய ஆரம்பிக்கிறது. இந்தப் பயிற்சியில் கிடைக்கும் உண்மையான பலன் இதுதான்.

28, 35, 50, 85 என்று இத்தனை இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

யாரையும் கேட்காதீர்கள், உங்கள் பழைய படங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்ற தகவல் பதிவாகியிருக்கும். லைட்ரூம், டிஜிகேம் போன்ற மென்பொருள்களில் அந்தத் தகவலை வைத்துப் படங்களைப் பிரித்துப் பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்த எண்ணைச் சுற்றி அவை குவிந்திருக்கின்றனவோ, அதற்கு மிக அருகில் உள்ள லென்ஸ்தான் உங்களுடையது.

பழைய படங்களே இல்லை என்றால் 35இல் தொடங்கலாம். தெருவிலும் வீட்டுக்குள்ளும் அது ஓரளவு ஈடுகொடுக்கும். 85 முகங்களுக்கு அருமையானது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுவது புதியவர்களுக்குக் கடினம். 28 அதைவிடக் கடினம் என்பேன். மிக அருகில் போகாவிட்டால் எல்லாமே தொலைவில் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும்.

எல்லோரும் சொன்னார்கள் என்று 50 மி.மீ. வாங்கினேன். வீட்டுக்குள் எடுத்தால் பாதி ஆள்தான் வருகிறார். லென்ஸில் கோளாறா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுடையது கிராப் சென்சார் கேமராவாக இருக்கும். அந்தச் சென்சார் சிறியது என்பதால், லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகிறது. நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் கேமராக்களில் லென்ஸின் எண்ணை 1.5ஆலும், கேனானில் 1.6ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 அங்கே 75 அல்லது 80 போல நடந்துகொள்கிறது.

நிற்கும் ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்று இடம் விட்டு எடுக்க, இரண்டு மீட்டர் உயரம் சட்டகத்துக்குள் வர வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும், கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸுக்கு அதற்கு நான்கேகால் மீட்டர் தூரம் தேவை. பத்தடி அறை என்பது மூன்று மீட்டர்தான். பழைய புத்தகங்களில் '50தான் இயல்பான பார்வை' என்று படித்து வாங்கியிருந்தால், கிராப் கேமராவில் அதற்கு ஈடானது 35 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே லென்ஸோடு சவாலைத் தொடர விரும்பினால் வெளியிடங்களில் தொடருங்கள்.

புது லென்ஸ் வாங்க இப்போது பணம் இல்லை. கேமராவோடு வந்த 18-55 மட்டும்தான் இருக்கிறது. அதில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். வளையத்தை 35இல் நிறுத்தி, அதன்மேல் காகித டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இன்சுலேஷன் டேப் வெயிலில் இளகிப் பசையை விட்டுவிடும். காகித டேப் சுத்தமாக உரிந்து வரும்.

வெளிச்சத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. லென்ஸில் ஒளி நுழையும் திறப்புதான் அபர்ச்சர்; எஃப் எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது. எஃப் 1.8 அபர்ச்சர் உள்ள லென்ஸ், எஃப் 5.6ஐவிட ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கேமராவோடு வரும் கிட் லென்ஸில் அந்த வசதி இல்லாததால் அந்தி சாய்ந்தபின் சிரமப்படுவீர்கள். பகல் நேரப் பயிற்சிக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு மாதம் முடிந்து, 35 உங்களுக்குப் பொருந்துகிறது என்று உறுதியான பிறகு வாங்குவதுதான் நல்லது. இந்தப் பயிற்சி பணம் செலவழிக்க ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

கைபேசியில் செய்தால் கணக்கில் சேருமா?

சேரும். பெரும்பாலான கைபேசிகளில் 1எக்ஸ் என்று காட்டும் முதன்மைக் கேமரா, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம். அதிலேயே இருங்கள். இரண்டு விரலால் திரையை விரிப்பது படத்தை வெட்டுவதற்குச் சமம், அதைத் தவிருங்கள். சில கைபேசிகள் பொருளுக்கு அருகில் போனதும் தாமாகவே வேறு லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். அமைப்புகளில் மேக்ரோ என்று தேடி அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

'காலால் ஜூம் செய்' என்கிறார்கள். நடந்து அருகில் போவதும் ஜூம் செய்வதும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தேநீர்க் கடைக்காரர் நிற்கிறார். அவருக்கு நான்கு மீட்டர் பின்னால் கடையின் பெயர்ப்பலகை. 50 மி.மீ. லென்ஸோடு மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறீர்கள். பிறகு 28க்கு மாறி, அவர் அதே அளவில் தெரியும்வரை முன்னால் போகிறீர்கள்; ஏறக்குறைய 1.7 மீட்டரில் நிற்பீர்கள். இரண்டு படங்களிலும் கடைக்காரர் ஒரே அளவு. ஆனால் இரண்டாவது படத்தில் பெயர்ப்பலகை மூன்றில் ஒரு பங்கு சிறுத்திருக்கும். 85க்கு மாறி, அவரிடமிருந்து ஐந்து மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கினால் அதே பலகை முதல் படத்தைவிட 1.3 மடங்கு பெரிதாகி, அவர் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு உறவை நீங்கள் நிற்கும் தூரம்தான் தீர்மானிக்கிறது. லென்ஸ் அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுக்கும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. அகல லென்ஸில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: அந்த லென்ஸோடு முகத்தை நிரப்ப வேண்டுமானால் முகத்துக்கு மிக அருகில் போயாக வேண்டும், அத்தனை அருகிலிருந்து எந்த லென்ஸில் பார்த்தாலும் மூக்கு பெரிதுதான்.

ஆகவே, நடப்பது ஜூமுக்கு மாற்றாக ஒருபோதும் ஆகாது. நடந்தால் படமே வேறாகிறது. ஒரு மாதம் ஒரே லென்ஸில் இருக்கும்போது இதைக் கண்ணால் பார்த்துக் கற்கிறீர்கள். ஜூம் லென்ஸோடு நடந்தபடி வளையத்தையும் திருப்பும்போது தூரம், அகலம் இரண்டும் சேர்ந்து மாறுவதால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடிவதில்லை.

கேமராவைத் தூக்காமலேயே சட்டகத்துக்குள் எவ்வளவு வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

35 மி.மீ.க்கு மிக எளிய கணக்கு இருக்கிறது. கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால், எவ்வளவு தூரமோ அவ்வளவு அகலம். மூன்று மீட்டர் தள்ளி மூன்று மீட்டர் அகலம், பத்து மீட்டர் தள்ளிப் பத்து மீட்டர். சென்சாரின் அகலம் 36 மி.மீ., லென்ஸ் 35 மி.மீ. என்பதால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன. 50க்குப் பத்து மீட்டரில் ஏழு மீட்டர். 85க்குப் பத்து மீட்டரில் நான்கு மீட்டருக்குச் சற்று அதிகம். கிராப் சென்சாரில் 23 அல்லது 24 மி.மீ. லென்ஸுக்குத் தூரமும் அகலமும் சமம். 35க்கு மூன்று பங்கு தூரத்தில் இரண்டு பங்கு அகலம். கைபேசியின் முதன்மைக் கேமராவில் அகலம் தூரத்தைப் போல 1.3 முதல் 1.4 மடங்கு.

பழகுவதற்கு வீட்டுத் தரையே போதும். இரண்டடி டைல்ஸ் பதித்த கூடமாக இருந்தால், சுவரிலிருந்து ஐந்து டைல்ஸ் தள்ளி நில்லுங்கள், அது பத்தடி. சுவரில் எது முதல் எதுவரை வரும் என்று முதலில் விரலால் காட்டுங்கள், பிறகு கேமராவில் பாருங்கள். முதல் இரண்டு நாட்கள் தவறும். ஒரு வாரத்தில் ஒரு சாண் வித்தியாசத்தில் சொல்லிவிடுவீர்கள்.

தெருவில் 35ஐ வைத்துக்கொண்டு ஆட்களுக்கு அவ்வளவு அருகில் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

கூச்சம் இருப்பது நல்லது. எதிரில் இருப்பவரை மனிதராக மதிக்கிறீர்கள் என்று அர்த்தம். 35ஐச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரை முழு உருவமாக எடுக்க இரண்டு மீட்டர் தூரம். அது பேசக்கூடிய தூரம். எனவே பேசுங்கள். மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டும் அக்காவிடம், "அக்கா, நீங்கள் கட்டுவதை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளை எடுக்கும்போது உடனிருக்கும் பெரியவர்களிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது. எடுத்த படத்தை அச்சுப்போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பின் அந்தத் தெருவில் உங்களுக்கு எப்போதும் இடம் உண்டு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போன்ற இடங்களில் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. விடியற்காலை ஏலத்தின்போது கூடை தூக்குபவர்களின் வழியில் நிற்காமல் இருப்பதே நீங்கள் காட்டும் முதல் மரியாதை. தரை ஈரமாக வழுக்கும். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு பின்னால் நடக்காதீர்கள். அங்கே ஃபோகஸுக்கும் நேரம் இருக்காது. 35 லென்ஸில் அபர்ச்சரை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர்வரை இருப்பது எல்லாம் தெளிவாக விழும். வெளிச்சம் போதாத நேரத்தில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறேன். 50இல் விமானம் முழுதாக வராதே?

வரும்; பின்னால் போக வேண்டும். அறுபது மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த விமானத்தை அடிமுதல் முடிவரை அடக்க, 50ஐச் செங்குத்தாகப் பிடித்து, ஏறக்குறைய எண்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த முற்றம் நீளமானது. கிழக்குப் பக்கம் நந்தி மண்டபம்வரை போனால் இடம் கிடைக்கும். கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் விமானம் பின்னால் சாய்வதுபோலத் தெரிவதும் அந்தத் தூரத்தில் குறையும்.

ஆனால் முழு விமானத்தை எடுத்த படங்கள் ஏராளமாக இருக்கின்றன. அரை மணி நேரம் அதை எடுக்காமல் இருந்து பாருங்கள் என்பேன். சுற்றிலும் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டு எழுத்துகள், மாலை வெயில் விழும் யாளி வரிசை, திருச்சுற்று மாளிகையின் தூண்களுக்கு இடையே நடந்துபோகும் மனிதர்கள், இவையெல்லாம் 50க்கு என்றே அமைந்தவை.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாள் முழுவதும் 50 மட்டும்தான் பயன்படுத்தினார் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை, முழுவதும் அல்ல. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் (1908-2004) லைக்கா கேமராவில் 50ஐத்தான் முதன்மையாக வைத்திருந்தார். சில சமயங்களில் 35, 90 ஆகியவற்றையும் பயன்படுத்தியிருக்கிறார். 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸ் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தலைமுறைக்கு ஒரே லென்ஸ் என்பது சவாலே அல்ல; கேமரா என்றாலே அப்படித்தான். நம் ஊரில் அக்ஃபா கிளிக் III வைத்திருந்த குடும்பங்களுக்கும் அதே நிலைதான்: மாற்ற முடியாத ஒரு லென்ஸ், ஒரு சுருளில் 12 படங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி: 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படம் எடுத்தவர்களில் கார்த்தியே-பிரெஸ்ஸோனும் ஒருவர். திரைப்படத்தில் இதே பிடிவாதத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவைப் பார்க்கலாம். தம் பிற்காலப் படங்களை ஏறக்குறைய முழுவதும் 50 மி.மீ. லென்ஸிலேயே எடுத்தார்.

எடுத்த படத்தைப் பிறகு வெட்டிச் சரிசெய்யலாமா? அது ஏமாற்று வேலையா?

ஏமாற்று என்று எதுவும் இல்லை. படத்தை வெட்டுவதை விரும்பாத கார்த்தியே-பிரெஸ்ஸோனே, 1932இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த, தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் புகழ்பெற்ற படத்தை வெட்டித்தான் அச்சிட்டார். பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் வேலி விழுந்திருந்தது.

இருந்தாலும் சவால் மாதத்தில் வெட்டாதீர்கள். வெட்டுவது என்பது வீட்டில் உட்கார்ந்து ஜூம் செய்வது. தூரத்தை உணரும் பயிற்சி அங்கே நின்றுபோகும். கோணலை நிமிர்த்துவது, நிறத்தைச் சரிசெய்வது போன்றவற்றுக்குத் தடையில்லை.

பின்னணி அழகாக மங்குகிறது என்பதால் எப்போதும் எஃப் 1.8இலேயே எடுக்கிறேன். சரிதானே?

முதல் சில நாட்கள் ஆசை தீர எடுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். 50 லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் நான்கு சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். அதைவிட முக்கியமானது, பின்னணியை அழித்துவிட்டால் நான் மேலே தேநீர்க் கடைக் கணக்கில் சொன்ன அளவு உறவைக் கற்பதற்குப் படத்தில் எதுவும் மிஞ்சாது. எஃப் 5.6, எஃப் 8 என்று வைத்து, பின்னால் இருப்பதையும் படத்தின் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் முழுவதும் மற்ற லென்ஸ்களை எடுக்காமல் வைத்தால் பூஞ்சை பிடிக்காதா?

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நியாயமான அச்சம். காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 60 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சைக்கு வசதி. லென்ஸ்களைத் தோல் உறையிலோ துணிப் பையிலோ பீரோவுக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஆகியவை போதும். 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருங்கள். மிகவும் உலரவிடுவதும் நல்லதல்ல.

நடுவில் தங்கையின் கல்யாணம் வருகிறது. அப்போதும் ஒரே லென்ஸா? பறவைகள் எடுப்பவர்கள் என்ன செய்வது?

கல்யாணத்தில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. பணம் வாங்கிச் செய்யும் வேலைக்கும் இதே பதில்தான். அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாள் தொடருங்கள்.

வேடந்தாங்கலில் 35ஐ வைத்துக்கொண்டு நாரையின் கண்ணை எடுக்க முடியாது. அதற்காகக் கூட்டை நெருங்குவது பறவைக்குச் செய்யும் தீங்கு. அங்கே தூரத்தை முடிவு செய்ய வேண்டியது பறவைதான். பறவை எடுப்பவர்கள் இந்தப் பயிற்சியை வேறு பொருள்களோடு செய்யலாம்.

இரண்டாவது வாரத்திலேயே எல்லாப் படங்களும் ஒரே மாதிரி தெரிகின்றன. நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். படங்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றும் எத்தனை மீட்டரில் எடுத்தது என்று உத்தேசமாகக் குறித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாமே நான்கு மீட்டரைச் சுற்றி, நின்ற உயரத்தில் எடுத்ததாக இருக்கும். அலுப்புத் தட்டுவதற்கு லென்ஸ் காரணமில்லை. உங்கள் தூரம் உறைந்துபோயிருக்கிறது. ஒரு நாள் முழுவதும் ஒரு மீட்டருக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். மறுநாள் இருபது மீட்டருக்கு அப்பால் இருப்பதை மட்டும். அதற்கடுத்த நாள் தரையில் உட்கார்ந்து.

35இல் தொடங்கினேன். பாதி மாதம் போனபின் 50தான் எனக்குச் சரி என்று தோன்றுகிறது. மாற்றலாமா?

கடினமான கேள்வி, இந்த எண்ணம் சில சமயம் உண்மையாகவே சரியாக இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் 35 படங்களை, சவாலுக்காக இல்லாமல் சோதனைக்காக மட்டும், அகலத்தில் 70 விழுக்காடு மிஞ்சும்படி நடுவில் வெட்டிப் பாருங்கள். அதே இடத்தில் நின்று 50இல் எடுத்திருந்தால் அதுதான் கிடைத்திருக்கும். பெரும்பாலான படங்கள் தேறுகின்றனவா?

தேறினால், அவற்றில் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, அதே இடங்களுக்குப் போய் 35லேயே இன்னும் அருகில் நின்று எடுங்கள். அந்தப் படங்கள் பிடித்திருந்தால், குறை லென்ஸில் இல்லை, தள்ளி நின்றிருக்கிறீர்கள், 35இல் தொடருங்கள். அருகில் போனபோது முன்னால் இருப்பவர் பெருத்து, பின்னால் இருப்பவை சிறுத்து, நீங்கள் விரும்பிய உறவு குலைந்துபோகிறது என்றால், உங்கள் கண் இயல்பாக நிற்கும் தூரம் வேறு. அப்போது மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய நாளிலிருந்து மாதத்தைப் புதிதாக எண்ணுங்கள்.